சாமுவேலின் இரண்டு புத்தகங்களை ஒரே கதையாக வாசிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம் பக்கத்தில் சில குடும்பங்கள் சாயங்காலம் கூடி வேதாகமத்தைச் சத்தமாக வாசிக்கிறோம். 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் தொடங்கி, 2 சாமுவேல் முழுவதையும் தாண்டி, 1 இராஜாக்கள் இரண்டாம் அதிகாரத்தில் நிறுத்துகிறோம். பிரசங்கம் கிடையாது. வாசிப்பு, கட்டன் சாயா, அப்புறம் பேச்சு. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளும், நாங்கள் சொல்லிவரும் பதில்களும் இவை.

தினம் ஒரு வசனம் தியானிக்கிறோம், புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையும் எடுக்கிறோம். அது போதாதா?

தியானத்துக்குப் போதும். கதை தெரிந்துகொள்ளத்தான் போதாது.

நம்ம மாவட்டத்தில் ‘எபெனேசர்’ என்று பேர் எழுதிய வீட்டைப் பார்க்காமல் நாலு தெரு நடக்க முடியாது. லாரியிலும் அதே பேர். ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்’ என்பது 1 சாமுவேல் 7-இல் வரும் வசனம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அந்தப் பேர் கதையில் முதலில் வருவது 4-ஆம் அதிகாரத்தில். பெலிஸ்தரோடு சண்டைக்குப் போன இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடமே எபெனேசர்தான். அங்கே முதல் நாள் 4,000 பேர் செத்தார்கள். சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு மறுபடியும் போனார்கள்; 30,000 பேர் செத்தார்கள், பெட்டியும் போயிற்று. பல வருஷம் கழித்துப் பெலிஸ்தரை முறியடித்தபின் சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, அதற்குத் தோல்வியின் பேரையே வைக்கிறான். 4-ஐ வாசிக்காமல் 7-ஐ மட்டும் வாசிப்பவருக்கு அது ஒரு வெற்றித்தூண். இரண்டையும் வாசித்தவருக்கு, செத்தவர்களின் பேரைச் சொல்லாமல் நன்றி சொல்ல முடியாத ஒரு ஜனத்தின் கல்.

ஏன் சாமுவேல்? யோசேப்பின் கதை இன்னும் எளிதாயிற்றே?

எளிதுதான். ஆதியாகமம் 37 முதல் 50 வரை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுங்கள், தப்பில்லை. ஆனால் யோசேப்பின் கதை கடைசியில் தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது: நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக்கினார். சாமுவேலின் கதை அப்படி வாய் திறக்காது. நாம்தான் முடிச்சுகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த வேலை பிடித்தவர்களுக்கு இது.

இரண்டு புத்தகத்தையும் சேர்த்து வாசிப்பது நாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு இல்லையா?

இல்லை. எபிரெயத்தில் சாமுவேல் ஒரே புத்தகம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் இரண்டாகப் பிரிந்தது. அதிகாரப் பிரிவு இன்னும் பிந்தியது, 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. பிரித்தவர்கள் எப்போதும் நல்ல இடத்தில் வெட்டவில்லை. தாவீது உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்ட அதிகாரம், ‘தாவீது செய்த இந்தக் காரியம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது’ என்று முடிகிறது. அடுத்த வரியிலேயே அவனைக் கண்டிக்கத் தீர்க்கதரிசி நாத்தான் வருகிறான். நடுவில் ‘12-ஆம் அதிகாரம்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பதால் நாம் அங்கே புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போகிறோம்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

57 அதிகாரம். ஒரு அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்க ஐந்தாறு நிமிடம் என்று வைத்தால், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் அடங்கும். கோயில் கொடை நாளில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் இது. வில்லடிக்கிற அண்ணாவி நள்ளிரவில் ஒரு கதாபாத்திரத்தின் பேரைச் சொன்னதும், ஒன்பது மணிக்கு அவன் என்ன செய்தான் என்பது கேட்கிறவனுக்கு ஞாபகம் வருமே, அதே காதுதான் இதற்கும் வேண்டும்.

ஒரே இரவில் முடிக்கத் தேவையில்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழ வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் தலை தொங்கிவிடும். கதை தானாக மூச்சுவிடும் இடங்களில் நிறுத்துங்கள். 1 சாமுவேலில் 7, 15, 20, 26 ஆகிய அதிகாரங்களின் முடிவு நல்ல இடம். அதற்கடுத்த பகுதியை 31-இல் முடிக்காமல் 2 சாமுவேல் 1 வரை கொண்டுபோங்கள்; காரணம் கீழே வரும். பிறகு 2 சாமுவேலில் 8, 12, 14, 20, 24. கடைசியாக இராஜாக்களின் இரண்டு அதிகாரம்.

பேர்கள் குழப்புகின்றனவே?

எல்லாருக்கும்தான். யோனத்தான் என்றே ஒன்றுக்கு மேற்பட்டவர்கள்: ஒருவன் சவுலின் மகன், இன்னொருவன் ஆசாரியன் அபியத்தாரின் மகன். ஒரு தாளில் சவுல் வீடு, தாவீது வீடு, சீலோவின் ஆசாரியன் ஏலி வீடு என்று மூன்று கட்டம் போட்டு, பேர் வரவர எழுதிக்கொண்டே போங்கள். சவுலின் படைத்தலைவன் அப்னேர் சவுல் கட்டத்தில், தாவீதின் படைத்தலைவன் யோவாப் தாவீது கட்டத்தில். அதோடு பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஆள் பேரைவிட ஊர்ப் பேரைக் கவனிப்பது இன்னும் சுவாரசியம். பகூரிம் என்று ஒரு சின்ன ஊர், எருசலேமுக்குப் பக்கத்தில். தாவீதின் முதல் மனைவி மீகாளைச் சவுல் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். தாவீது ராஜாவானதும் அவளைத் திரும்பக் கேட்கிறான். அந்த இரண்டாவது புருஷன் பல்த்தியேல், அவள் பின்னாலேயே அழுதுகொண்டு வருகிறான். பகூரிம் வந்ததும் அப்னேர் ‘திரும்பிப் போ’ என்கிறான், போய்விடுகிறான். அதன்பின் அந்த மனுஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதின்மூன்று அதிகாரம் கழித்து, மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடும் தாவீது பகூரிமுக்கு வரும்போது, சீமேயி என்கிறவன் அந்த ஊரிலிருந்து புறப்பட்டுவந்து கல்லெறிந்து, ‘இரத்தப்பிரியனே, தொலைந்து போ’ என்று தூஷிக்கிறான். அடுத்த அதிகாரத்தில் அதே பகூரிமில் ஒரு வீட்டுப் பெண், தாவீதின் ஆட்கள் இரண்டு பேரைக் கிணற்றில் இறக்கி, மேலே பாயை விரித்து, நொய்யைப் பரப்பி மறைத்துக் காப்பாற்றுகிறாள். ஒருவனை அழவைத்துத் திருப்பி அனுப்பிய ஊரில் தாவீதுக்குக் கல்லும் கிடைக்கிறது, அடைக்கலமும் கிடைக்கிறது.

தூரமும் மனதில் இருக்கட்டும். எருசலேமிலிருந்து எப்ரோன் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகிற தூரம். பெத்லெகேம் 9 கிலோமீட்டர்தான். கதையின் பெரும்பகுதி நம்ம மாவட்டத்தளவு இடத்துக்குள்ளேயே நடக்கிறது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒளிந்துகொள்வது கஷ்டம்.

தொடர்ந்து வாசித்தால்தான் தெரியும் என்கிறீர்களே, ஒரு உதாரணம் காட்டுங்கள்.

சவுலின் ஈட்டியைப் பின்தொடருங்கள். 13-ஆம் அதிகாரத்தில், ஜனங்களில் யார் கையிலும் பட்டயமோ ஈட்டியோ இல்லை. சவுலுக்கும் யோனத்தானுக்கும் மட்டும் உண்டு. அதாவது ஈட்டி ராஜாவின் அடையாளம். 18-இல் சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருக்கும் தாவீதின்மேல் அதை எறிகிறான். 19-இல் மறுபடியும், ஈட்டி சுவரில் பாய்கிறது. 20-இல் தன் சொந்த மகன் யோனத்தான்மேலேயே எறிகிறான். 22-இல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ‘என்மேல் பரிதாபப்பட ஒருவனும் இல்லையே’ என்று புலம்புகிறான், அப்போதும் ஈட்டி கையில்தான். 26-இல் அது தூங்குகிறவனின் தலைமாட்டில் மண்ணில் குத்தியிருக்கிறது. ‘ஒரே குத்து, இரண்டாவது வேண்டாம்’ என்கிறான் தாவீதோடு வந்த அபிசாய். தாவீது மாட்டேன் என்று ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு எதிர்மலைக்குப் போய், ‘இதோ ராஜாவின் ஈட்டி, வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும்’ என்று கூப்பிடுகிறான். கொடுத்தனுப்பவில்லை, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தன்மேல் பலமுறை பறந்துவந்த ஈட்டி அது.

உடுப்பும் சால்வையும் அப்படித்தான். தாய் அன்னாள் வருஷந்தோறும் பிள்ளைச் சாமுவேலுக்குச் சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோகிறாள். வயசான சாமுவேலின் சால்வையைச் சவுல் பிடித்து இழுக்க, கிழிகிறது. ‘ராஜ்யமும் இப்படியே கிழிந்தது’ என்கிறான் சாமுவேல். குகையில் சவுலின் சால்வைத் தொங்கலைத் தாவீது அறுத்துவிட்டு, அறுத்ததற்கே மனம் அடித்துக்கொள்கிறான். சாமுவேல் செத்தபின் எந்தோரில், செத்தவர்களை எழும்பப்பண்ணும் அஞ்சனக்காரி ‘சால்வை போர்த்த ஒரு கிழவன் எழும்பிவருகிறான்’ என்றதும், முகத்தைப் பார்க்காமலே சவுலுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. வாசிக்கிற நமக்கும் தெரிந்துவிடுகிறது.

16-ஆம் அதிகாரத்தில் தாவீது சவுலின் அரண்மனையில் வாசிக்கிறான். 17-இல் கோலியாத்தைக் கொன்றபின் ‘இவன் யாருடைய மகன்’ என்று சவுல் கேட்கிறான். எப்படி?

ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பது. பையனைத் தெரியும், தகப்பன் பேர் மறந்துபோயிற்று. ஜெயித்தவனின் தகப்பன் வீட்டுக்கு வரி இல்லை என்று அறிவித்துவிட்டதால் தகப்பன் பேர் வேண்டியிருந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. தாவீது வந்த விதத்தைப் பற்றி இரண்டு பழைய விவரங்கள் இருந்தன, தொகுத்தவர் ஒன்றையும் தூக்கி எறியாமல் அடுத்தடுத்து வைத்தார் என்பது இன்னொன்று. பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 17-ஆம் அதிகாரம் சிறியது, சவுல் கேட்கும் அந்தக் கேள்வியே அவற்றில் கிடையாது. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் சரியாகப் படுகிறது. எங்கள் கூட்டத்தில் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. இந்த ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

1 சாமுவேலின் முடிவில் நிறுத்தக் கூடாது என்றீர்களே, ஏன்?

31-இல், கில்போவா மலையில் அடிபட்ட சவுல் தன் பட்டயத்தை நட்டு அதன்மேல் விழுந்து சாகிறான். 2 சாமுவேல் 1-இல் ஒருவன் சவுலின் முடியும் அஸ்தகடகம் என்னும் கைக்காப்புமாகத் தாவீதிடம் ஓடிவந்து, ‘நான்தான் கொன்றேன்’ என்கிறான். நாம் நேற்றுத்தான் 31-ஐ வாசித்திருந்தால் அவன் புளுகுகிறான் என்று சந்தேகம் உடனே எழும். தாவீது 31-ஐ வாசிக்கவில்லையே. பரிசு கிடைக்கும் என்று வந்தவனுக்குச் சாவு கிடைக்கிறது.

அவன் யார்? அமலேக்கியன். அமலேக்கியரை முழுக்க அழிக்காமல் விட்டதற்காகத்தான் 15-இல் சவுல் ராஜ்யத்தை இழந்தான். 30-இல் தாவீது அமலேக்கியரை முறியடித்துவிட்டு இப்போதுதான் சிக்லாகுக்குத் திரும்பியிருக்கிறான். சவுலின் முடியைக் கொண்டுவருவதற்கு அமலேக்கியன் ஒருவனே வருகிறான். கதை இதை விளக்குவதில்லை, ஆளின் இனத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

பத்சேபாள் அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் முன்னால் எப்படி வாசிப்பது?

சின்னப் பிள்ளைகள் இருந்தால் 11-ஐயும் 13-ஐயும் பெரியவர்கள் தனியாக வாசியுங்கள். 13-இல் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுப்பது 11-ஐவிடக் கடினமானது. பிள்ளைகளுக்கு, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கியதாக நாத்தான் தாவீதிடம் சொன்ன கதையைச் சொல்லிக்கொடுங்கள், நன்றாகப் புரிந்துகொள்வார்கள். வளர்ந்தவர்கள் தாண்டிப் போகக் கூடாது. ஏனென்றால் அடுத்து வருவதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

அந்த ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டதும், ‘நாலத்தனையாய் ஈடுகட்ட வேண்டும்’ என்று தாவீதே தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். பத்சேபாளின் குழந்தை, அம்னோன், அப்சலோம், கடைசியில் இராஜாக்களில் அதோனியா. நாலு பிள்ளைகள் என்று நெடுங்காலமாக வாசகர்கள் எண்ணிவருகிறார்கள். வேதம் எண்ணிக் காட்டவில்லை.

அகித்தோப்பேலின் கணக்கு வேறு. தாவீதின் ஆலோசனைக்காரன், அவன் சொன்னால் தேவவாக்குப் போல. அப்சலோம் கூப்பிட்டதும் ஏன் கட்சி மாறினான்? 11-இல் பத்சேபாள் எலியாமின் மகள். 23-இல், எல்லாரும் புரட்டிவிட்டுப் போகும் வீரர் பட்டியலில், எலியாம் என்கிறவன் அகித்தோப்பேலின் மகன். இரண்டு எலியாமும் ஒருவனே என்றால் பத்சேபாள் அவனுக்குப் பேத்தி. அப்படியானால், ராஜாவின் மறுமனையாட்டிகளிடம் போ என்று அப்சலோமுக்கு அவன் சொன்ன ஆலோசனையும், அது எல்லார் கண்முன்னும் மாடியிலேயே நடந்ததும் ஏன் என்பது புரியும். தாவீது பத்சேபாளைப் பார்த்தது அரண்மனை மாடியிலிருந்துதான். அந்தப் பட்டியலின் கடைசிப் பேர் ஏத்தியனாகிய உரியா.

தாவீது நல்லவனா கெட்டவனா? வேதம் ஏன் தெளிவாகச் சொல்வதில்லை?

சில இடத்தில் சொல்கிறது, பல இடத்தில் நம்மிடம் விட்டுவிடுகிறது. யோனத்தானின் மகன் மேவிபோசேத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலும் முடம். தாவீது அவனைத் தன் பந்தியில் உட்கார வைக்கிறான். அப்சலோமின் கலகத்தில் தாவீது ஓடும்போது, வேலைக்காரன் சீபா கழுதைகளில் அப்பமும் பழங்களும் திராட்சரசமும் கொண்டுவந்து, ‘என் எஜமான் எருசலேமில் இருந்துவிட்டான், ராஜ்யம் தனக்கு வரும் என்கிறான்’ என்கிறான். தாவீது விசாரிக்காமல் சொத்து முழுவதையும் சீபாவுக்குக் கொடுத்துவிடுகிறான். சண்டை முடிந்து திரும்பும்போது மேவிபோசேத்து எதிரே வருகிறான்: ராஜா போன நாள் முதல் காலைப் பேணவில்லை, தாடியைத் திருத்தவில்லை, துணி வெளுக்கவில்லை. ‘சீபா என்னை ஏமாற்றிவிட்டான்’ என்கிறான். தாவீது நிலத்தை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்ளச் சொல்கிறான்.

யார் பொய் சொன்னது? அந்தத் தாடி, துணி விவரத்தைக் கதைசொல்லி தன் வாயால் சொல்வதால் நான் மேவிபோசேத்து பக்கம். எங்களில் ஒரு அக்கா, ‘நடக்க முடியாதவனுக்குக் கழுதை கட்டிக்கொடுக்க யாருமே இல்லையா’ என்று விடாமல் கேட்பார். தாவீதுக்கு உண்மை தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள நேரமில்லை என்பதுதான் நிச்சயம். பாதிப் பாதி என்பது களைத்துப்போன ராஜாவின் தீர்ப்பு.

எந்த மொழிபெயர்ப்பு?

வீட்டில் எது இருக்கிறதோ அது. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளில் பழைய திருப்புதல், கத்தோலிக்க வீடுகளில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். நீளமாக வாசிக்கப் பின்னது இலகு. காதுக்குப் பழகினது முன்னது. கத்தோலிக்கரின் அக்கம்பக்க அன்பியக் கூட்டத்திலிருந்து வருகிறவர்களும் எங்களோடு உட்காருகிறார்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் தங்கள் புத்தகத்தில் பார்த்துக்கொண்டால் சரி.

2 சாமுவேல் 21 முதல் 24 வரை ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்கிறது?

அது கால வரிசையில் இல்லை, பிற்சேர்க்கை. பஞ்சம், வீரர்கள், பாட்டு, பாட்டு, வீரர்கள், கொள்ளைநோய் என்று அடுக்கியிருக்கிறது. 8-ஆம் அதிகாரத்து யுத்தப் பட்டியலைப்போல வேகமாகப் போகலாம். ஆனால் 21-இல் தூக்கிலிடப்பட்ட பிள்ளைகளின் உடல்மேல் பறவையும் மிருகமும் வராமல், பாறையில் இரட்டு என்னும் சாக்குத்துணியை விரித்து இரவும் பகலும் காத்திருந்த சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் இடத்தில் மட்டும் மெதுவாக.

இராஜாக்களில் ஏன் இரண்டு அதிகாரம்? அதன்பின் என்ன?

கணக்குகள் அங்கேதான் முடிகின்றன. யோவாப் சாகிறான், சீமேயி சாகிறான், ஓடிய தாவீதுக்குச் சாப்பாடு கொடுத்த பர்சிலாவின் பிள்ளைகளுக்குப் பந்தியில் இடம் கிடைக்கிறது. எல்லாவற்றையும்விடப் பழைய கணக்கு ஏலியினுடையது. 1 சாமுவேல் 2-இல், உன் வீட்டில் கிழவன் இருக்கமாட்டான் என்று ஏலிக்குச் சொல்லப்பட்டது. 4-இல் மகன்கள் செத்தார்கள். 22-இல் சவுலின் ஏவலால் தோவேக்கு என்கிறவன் நோபின் ஆசாரியர் 85 பேரை வெட்டினான். ஏலியின் வம்சத்தார் அவர்கள். தப்பியவன் அபியத்தார் ஒருவன். ‘உன் வீட்டாரின் சாவுக்கு நானே காரணம்’ என்று தாவீது அவனிடம் ஒத்துக்கொண்டு, கடைசிவரை கூடவே வைத்துக்கொண்டான். தாவீது செத்ததும் சாலொமோன் அவனை ஆசாரிய வேலையிலிருந்து நீக்கி, ‘ஆனதோத்துக்குப் போ’ என்று அனுப்பிவிடுகிறான். சீலோவில் சொன்ன வார்த்தை நிறைவேறிற்று என்று அங்கே வேதமே எழுதிவைக்கிறது.

தொடர ஆசையிருந்தால் 2 இராஜாக்கள் கடைசிவரை போங்கள். அப்புறம் எரேமியா முதல் அதிகாரத்தின் முதல் வசனத்தில் அவன் ஊரைப் பாருங்கள்: ஆனதோத்திலிருந்த ஆசாரியரில் ஒருவன். அபியத்தாரின் வம்சம் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் எருசலேம் ஆலயத்து வாசலில் நின்று, ‘சீலோவுக்குப் போய், அதற்கு நான் செய்ததைப் பாருங்கள்’ என்ற வார்த்தையைச் சொல்ல அனுப்பப்பட்டது அவன்தான். அது 7-ஆம் அதிகாரம்.